கறி தோசையை ராத்திரிக்கு வையுங்கள்: மதுரையில் இருவருக்கு ஒரு நாள்

கேள்வி கேட்டவர் கோவைக்காரர். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கணவரோடு விடியற்காலை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறார். அன்றிரவே 11.30 மணி பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும். "நான் சைவம். அவர் கறி சாப்பிடத்தான் மதுரைக்கே வருகிறார். எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது?" என்று கேட்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் உங்கள் நாளுக்கு நேரம் குறிப்பது நீங்கள் இல்லை, மீனாட்சி அம்மன் கோயில் நடை. காலையில் திறந்து 12.30 மணி வாக்கில் சாத்துவார்கள், நாலு மணிக்குத் திறந்து இரவு பத்து மணி சுமாருக்கு மறுபடி சாத்துவார்கள். இதற்கு நடுவில்தான் சாப்பாடு, தூக்கம், கடைவீதி எல்லாம். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். பத்து மணி வரை அறையில் இருந்துவிட்டு, இட்லியை முடித்து, பதினொன்றரைக்கு வரிசையில் போய் நிற்கிறார்கள்.

அடுத்தது கறி. அசைவம் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டிலேயே முடிந்தபாடில்லை. கூடவே கூடாது என்பார் அம்மா, குளித்துவிட்டால் போதும் என்பாள் மனைவி. நான் கோயிலுக்கு இரண்டு தடவை போகச் சொல்லப்போகிறேன், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதனால் உங்கள் கணவரின் கறியை அப்படியே ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள். இது தூங்கா நகரம். பத்து மணிக்கு மேலும் இங்கே கல் காய்ந்துகொண்டுதான் இருக்கும். மதியம் அவருக்கு முகம் கொஞ்சம் வாடும். பரவாயில்லை.

ஆரப்பாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிக்கோ டவுன்ஹால் ரோட்டுக்கோ வந்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பகுதி, தடுக்கி விழுந்தால் லாட்ஜ். ஆட்டோவில் ஏறுமுன் தொகையைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எதற்கு ரூம் என்று யோசிக்காதீர்கள், மதியம் இரண்டு மணிக்கு அதன் அருமை தெரியும். குளித்துவிட்டு, ஒரு காபி மட்டும் குடித்துவிட்டு, ஆறு மணிக்கெல்லாம் கோயிலில் இருங்கள்.

செல்போனை உள்ளே விட மாட்டார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது. ரூமிலேயே வைத்துவிட்டுப் போனால் நல்லது, இல்லாவிட்டால் வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்த வாசலில் செருப்பையும் போனையும் கொடுத்தீர்களோ அதே வாசலுக்குத்தான் திரும்ப வேண்டும். ஒருமுறை கோடையில் ஊரிலிருந்து வந்த உறவினர்களை நான் கிழக்கு வாசல் வழியாகக் கூட்டிப்போய், பேச்சு மும்முரத்தில் மேற்கு வாசலில் வெளியே வந்துவிட்டேன். மதியம் பன்னிரண்டு மணி, வெறுங்காலோடு பாதிக் கோயிலைச் சுற்றினோம். சித்தப்பா இன்னும் அதை மறக்கவில்லை. இன்னொன்று, போன் இல்லாத இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் தேடுவது பெரும்பாடு. 'தொலைந்தால் பொற்றாமரைக் குளம், வடக்குப் படி' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வடக்குப் படியைச் சும்மா சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்து எதிரே பார்த்தால் குளத்துக்கு மேலே தெற்குக் கோபுரம் நிற்கும். நான்கு வெளிக் கோபுரங்களில் அதுதான் உயரம், சுமார் 170 அடி. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் முளைக்கும். மதியம் பார்த்தால் இது கிடைக்காது, எல்லாம் தட்டையாக ஒரே வண்ணக் கலவையாகத் தெரியும். திருப்பணிக் காலமானால் கோபுரத்தில் சாரம் கட்டியிருப்பார்கள், அது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மதுரை வழக்கம் முதலில் அம்மன், பிறகுதான் சுவாமி. அம்மன் சன்னதி முடித்து சுவாமி பக்கம் வரும்போது முக்குறுணி விநாயகர். வண்டியூர் தெப்பக்குளம் வெட்டும்போது கிடைத்தவர் என்பது ஊர் வழக்கு. குறுணி என்றால் ஆறு படி, முக்குறுணி பதினெட்டு. விநாயகர் சதுர்த்தி அன்று அத்தனை அரிசியில் ஒரே கொழுக்கட்டை பிடித்துப் படைப்பார்கள், பெயர் அதனால் வந்தது. சுவாமி சன்னதிக்குள் வெள்ளியம்பலத்தில் நடராஜரின் காலைக் கவனியுங்கள். எல்லா ஊரிலும் இடது காலைத் தூக்கி ஆடுபவர் இங்கே வலது காலைத் தூக்கியிருப்பார். வெளியே கம்பத்தடி மண்டபத்தில் மீனாட்சி கல்யாணச் சிற்பம் இருக்கிறது. அண்ணன் திருமால் தாரை வார்த்துக்கொடுக்க, நடுவில் தலை குனிந்து நிற்கும் பெண்ணின் முகத்தில் கல்லில் வெட்கத்தைக் கொண்டுவந்திருக்கிறான் அந்தச் சிற்பி. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்றால் அங்கே ஐந்து நிமிஷம் கூடுதலாக நில்லுங்கள். ஆயிரங்கால் மண்டபம் 1569-ல் அரியநாத முதலியார் கட்டியது, எண்ணினால் 985 தூண்தான் வரும். இப்போது அருங்காட்சியகம், தனிச் சீட்டு.

வெளியே வரும்போது எட்டரை ஆகியிருக்கும், பசி பிடுங்கும். முருகன் இட்லிக் கடை இந்த ஊரில் பிறந்ததுதான். வாழையிலையில் இட்லி, சுற்றி நாலு விதச் சட்னி. பெயருக்காக ஒரு தடவை போகலாம். ஆனால் என்னைக் கேட்டால் மேலச்சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையைச் சொல்வேன். அங்கே வெள்ளையப்பம். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் ஊற்றி எடுப்பது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு. கூட வரும் பச்சை மிளகாய்ச் சட்னி கண்ணில் நீர் வர வைக்கும், ஆனாலும் விரல் அதைத் தேடித்தான் போகும். காலை டிபன், மாலை டிபன் இரண்டும் உண்டு, நடுவில் மூடியிருக்கும். அதனால் அந்த வழியாக எப்போது போனாலும் கதவு திறந்திருந்தால் உள்ளே போய்விடுங்கள். தட்டுக்கு ஒன்றாக வாங்கி இரண்டு பேரும் பிட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்க இதே கணக்குதான். ஆளுக்கொன்று வாங்கினால் பதினோரு மணிக்கே வயிறு மதுரையை மூடிவிடும்.

பத்து மணிக்கு வைகையைத் தாண்டி காந்தி அருங்காட்சியகம். தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம், 1959-ல் நேரு திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட அந்த இடத்துக்கு வந்ததும் சத்தம் குறைந்துவிடும், பலமுறை பார்த்திருக்கிறேன். திரும்பும்போது மேலமாசி வீதியில் காதிக் கடையில் ஆட்டோவை நிறுத்துங்கள். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, முழு உடையை விட்டு இடுப்புத் துணிக்கு காந்தி மாறியது இந்த வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான். கீழே துண்டும் வேட்டியும் விற்கிறார்கள். தெரியாமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

மதியச் சாப்பாடு சைவம், அதுவும் அளவாக. டவுன்ஹால் ரோட்டைச் சுற்றி இலைபோட்டுச் சாப்பாடு போடும் ஓட்டல்கள் நிறைய இருக்கின்றன, பெயர் சொல்லி அனுப்பும் அளவுக்கு அவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. 12.30-க்கே போய்விட்டால் இடம் கிடைக்கும். சாம்பாருக்கு ஒரு கை, ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை சோறு, அதோடு எழுந்துவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று சோற்று வாளியோடு வருபவரிடம் இலையை மடித்துக் காட்டினால்தான் நகர்வார். பிறகு ரூமுக்குப் போய் ஒரு மணி நேரம் தூங்குங்கள். ஊரே கண்ணயர்கிற நேரம் அது, நீங்கள் மட்டும் வெயிலில் அலைந்து என்ன ஆகப்போகிறது?

மூன்று மணிக்குத் திருமலை நாயக்கர் மகால். மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள், அதனால் இதைக் கடைசிக்கு வைக்க முடியாது. 1636-ல் கட்டியது, இன்று நிற்பது அதில் நாலில் ஒரு பங்கு மட்டும். பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்துக்கொண்டு போனது போக, 1860-களில் ஆளுநர் நேப்பியர் பழுது பார்த்து நிறுத்திய மிச்சம் இது. முற்றத்தைத் தாண்டி சொர்க்க விலாசத்தில் நடுக் குவிமாடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். இரும்பு இல்லை, உத்திரம் இல்லை. செங்கலும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. தூண்கள் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. ஆள் எட்டும் உயரம் வரை 'ராஜா லவ்ஸ் ராணி' வகையறாக் கிறுக்கல்களும் இருக்கும். உங்கள் பங்கைச் சேர்க்காதீர்கள்.

மகாலிலிருந்து விளக்குத்தூணுக்கு நடந்தே வரலாம். வழியில் பத்துத்தூண் எங்கே என்று கேளுங்கள், ஒரு சந்துப் பக்கம் கை காட்டுவார்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, துணி மூட்டைகளுக்கும் டூவீலர்களுக்கும் பின்னால், பத்துப் பெரிய தூண்கள் வானத்தைத் தாங்குவது போல் நின்றுகொண்டிருக்கும். அந்த அரண்மனையின் மற்றொரு பகுதியில் மிஞ்சியவை. மகாலைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால்தான் அரண்மனை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பது உறைக்கும். மகாலுக்குள் எனக்கு வராத பிரமிப்பு இந்தச் சந்தில் வந்தது.

விளக்குத்தூண் என்பது கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் கூடுமிடத்தில் நிற்கும் இரும்பு விளக்குக் கம்பம். 1840-களில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. அந்த வேலையை மேற்பார்வை செய்தவர்களின் பெயர்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். காலையில் நீங்கள் ரூம் போட்ட தெருவுக்குப் பெயர் வந்த கதை இங்கே முடிகிறது.

கதை போதும், அல்வாவுக்கு வருவோம். விளக்குத்தூண் பக்கம் நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க் கடை. கோதுமை அல்வாவைச் சூடாக, துண்டு இலையில் வைத்துத் தருவார்கள். பல்லுக்கு வேலை இல்லை, நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போய்விடும், இலையில் நெய் மட்டும் மிஞ்சும். இரண்டு பேருக்கு ஐம்பது கிராம் போதும். இனிப்பு திகட்டினால் மேலே கொஞ்சம் காராசேவு. ஊருக்கு வாங்குவதை இப்போது வாங்காதீர்கள். ரயில் நிலையத்துப் பக்கம் பிரேமா விலாஸ் இருக்கிறது, ரூமுக்குத் திரும்பும்போது கட்டிக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே ஜிகர்தண்டா. நகரத்தில் எங்கே பார்த்தாலும் இந்தப் பலகை தொங்கும், ஆனால் ருசி பார்ப்பதென்றால் விளக்குத்தூணில்தான். கை வேலையைக் கவனியுங்கள். டம்ளரின் அடியில் ஊறிய பாதாம் பிசின் அல்லது கடற்பாசி, அதன் மேல் நன்னாரி சர்பத், பிறகு சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால், அதற்கு மேல் டிரம்மிலிருந்து கரண்டியால் வழித்துப் போடும் ஐஸ்கிரீம். அந்த ஐஸ்கிரீம் பாசந்திக்கும் குல்பிக்கும் நடுவில் ஏதோ ஒன்று, பழுப்பு நிறம், பாலின் அடிப்பிடித்த வாசனை லேசாக இருக்கும். உடனே கலக்கிவிடாதீர்கள். முதலில் மேலே இருப்பதை இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, பிறகு அடியிலிருந்து கிளறுங்கள். இதற்கு மட்டும் பகிர்தல் விதி வேண்டாம், ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை வரும்.

புடவை எடுக்கும் எண்ணம் இருந்தால் சுங்குடி. சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சாயவேலை, 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியை நகத்தால் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள், முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கடையில் குவிந்திருப்பதில் பெரும்பாலும் மெழுகிலோ அச்சிலோ செய்தது. கட்டிய புள்ளியென்றால் ஒன்று போல் ஒன்று இருக்காது, தடவினால் சின்னச் சுருக்கம் தட்டுப்படும். "கட்டுச் சுங்குடி இருக்கா?" என்று கேட்டால் பீரோவிலிருந்து எடுப்பார்கள், விலையும் அதற்கேற்ப. முன்பெல்லாம் தையல்காரர்களைப் பார்க்க புதுமண்டபம் போகச் சொல்வோம். இப்போது அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மல்லிகைப்பூ வாங்காமல் வந்துவிடாதீர்கள், ஆனால் பனிக்காலம் முடிந்தும் முடியாமலும் இருக்கும் நேரம் என்பதால் முழம் விலையைக் கேட்டு அதிராதீர்கள். சித்திரையில் வந்தால் பாதிகூட இருக்காது.

உங்களுடைய இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மாசி வீதிகளைச் சுற்றி மாலையில் முள்ளு முருங்கை அடை போடுகிற சின்னக் கடைகள் உண்டு. கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்து, கரும்பச்சையாகத் தட்டி எண்ணெயில் போட்டு எடுத்து, மேலே இட்லிப் பொடி தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்று பாட்டிமார் சொல்வதால் பனிக்காலத்தில் கூட்டம் அதிகம். அதோடு இரண்டு இட்லி, முடிவில் தள்ளுவண்டியில் ஒரு டம்ளர் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சி, தேங்காய்ப்பூ தூவியது. முதல் வாய் வேறு எதுபோலவும் இருக்காது, கொஞ்சம் யோசிப்பீர்கள். பாதி டம்ளர் போனதும் யோசனை நின்றுவிடும். உங்கள் கணவரும் இங்கே லேசாகக் கொறித்துக்கொள்ளட்டும், நிரப்பிக்கொள்ள வேண்டாம்.

ரூமைக் காலி செய்து, பெட்டியை லாட்ஜ் வரவேற்பிலேயே வைத்துவிட்டு, எட்டு மணிக்கு மறுபடி கோயில். இந்தத் தடவை வடக்கு வாசல் வழியாகப் போங்கள். காலையில் பார்த்த கோயில் இல்லை இது. கல் ஆறியிருக்கும், பிரகாரத்தில் ஊர்க்காரர்கள் காலை நீட்டிக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள், குழந்தைகள் ஓடும். ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறை பூஜை, அன்றைக்கு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே உள்ளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுந்தரேசுவரரின் திருப்பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளமும் நாகசுரமும் சாம்பிராணிப் புகையுமாக, சுவாமி சன்னதியிலிருந்து அம்மனின் பள்ளியறைக்குத் தூக்கி வருவார்கள். நாள் முழுக்க ஊரை ஆண்ட பெண்ணின் வீட்டுக்குப் புருஷன் ராத்திரி வந்து சேர்கிறார், அவ்வளவுதான் விஷயம். அதை ஒவ்வொரு நாளும் இத்தனை ஏற்பாட்டோடு செய்கிறார்கள். பல்லக்கு உங்களைக் கடக்கும் நேரம் ஒரு நிமிஷம் கூட இருக்காது. கூட்டம் அதன் பின்னாலேயே நகரும், நீங்களும் நகர்ந்துவிடுங்கள்.

இனி கறி. வடக்கு வாசலில் செருப்பை எடுத்துக்கொண்டு நடந்தால் சிம்மக்கல். அங்கே கோனார் கடையில் கறி தோசை. கனமான சின்னத் தோசையைக் கல்லில் ஊற்றி, அது வேகும்போதே முட்டையை உடைத்துப் பரப்பி, அதற்கு மேல் முன்பே மசாலாவில் வதக்கிய ஆட்டுக்கறியை அள்ளிப் போட்டு, கரண்டியால் அழுத்தி, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவார்கள். கறி கல்லில் படும்போது வரும் சத்தம் தெரு வரை கேட்கும். தட்டுக்கு வரும்போது மூன்று அடுக்கும் ஒன்றாகி இருக்கும், மேல் பக்கம் கறி ஓரங்களில் கருகின மாதிரி மொறுகி இருக்கும். மேலே குழம்பை ஊற்றிக்கொள்ளாமல் ஓரத்தில் வைத்துத் தொட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள், ஊற்றினால் அந்த மொறுமொறு போய்விடும். ஒன்றே ஒரு ஆளுக்குத் தாராளம். இன்னும் இடம் இருந்தால் சுக்கா ஒரு பிளேட், அதற்கு மேல் பஸ் பயணத்துக்கு நல்லதில்லை.

உங்களை முன்னாடியே சாப்பிடச் சொன்னது இதற்காகத்தான். இந்த மாதிரிக் கடைகளில் சாதாத் தோசை கேட்டாலும் பெரும்பாலும் அதே கல்லில்தான் வரும், அதே கரண்டிதான் திருப்பும். அது பரவாயில்லை என்றால் சரி, இல்லையென்றால் எதிரே உட்கார்ந்து ஒரு சோடா குடித்துக்கொண்டு அவரைப் பாருங்கள். காலையிலிருந்து பொறுத்த மனுஷன்.

அழகர்கோயில், திருப்பரங்குன்றம், கீழடி எதையும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். அழகர்கோயில் இருபது கிலோமீட்டருக்கு மேல், போய்வரவே அரை நாள். கீழடி பன்னிரண்டு கிலோமீட்டர் சுமார், 2023-ல் திறந்த அருங்காட்சியகம் அருமையாக இருக்கிறது, அதற்கு அவசரமில்லாத ஒரு காலைப்பொழுது வேண்டும். ஒரே நாளில் இவற்றையும் திணித்தால் ஆட்டோ சீட்டையும் ரோட்டையும்தான் பார்த்திருப்பீர்கள். தெப்பக்குளம் மட்டும் யோசிக்கலாம், மகாலில் சீக்கிரம் சலித்துவிட்டால் பொழுது சாய்கிற நேரத்துக்கு அங்கே போய் நடு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். ஆனால் அப்படிப் போனால் சுங்குடி போச்சு, இரண்டில் எது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்.

சிம்மக்கல்லில் ஆட்டோ பிடித்து, லாட்ஜில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆரப்பாளையம் போக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை ராத்திரி டவுனுக்குள் நெரிசல் இருக்கும். அல்வாப் பொட்டலத்தை பஸ்ஸின் மேல் ரேக்கில் வைக்காதீர்கள், விடிவதற்குள் நெய் கசிந்து கீழே இருப்பவர் தலையில் சொட்டும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.